சூடம் சாட்சியாகாது

வீட்டில் நகையோ பணமோ காணாமல் போனால், சந்தேகப்பட்டவரைக் கோயிலுக்கு இழுத்துச் சத்தியம் கேட்பது மதுரை வட்டாரத்தில் இன்றும் உண்டு. இதற்குப் பெயர்பெற்ற இடம், நகருக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் அழகர்கோயிலின் பதினெட்டாம்படிக் கருப்பசாமி சன்னிதி. அங்கே சந்தனம் பூசிய பெருங்கதவுகளே சாமி. சூடத்தை ஏற்றி, எரியும்போதே உள்ளங்கையால் அடித்து அணைத்து, “நான் எடுக்கவில்லை” என்று சொல்ல வேண்டும். ‘மடியில் கனமில்லையென்றால் வழியில் பயம் எதற்கு?’ என்று கேட்பார்கள். தயங்கியவர் அந்தக் கணமே திருடராகிவிடுகிறார்.

இது தலைகீழ் நியாயம். சாமிக்கு அஞ்சுகிறவர்தான் தயங்குவார். பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய் என்றால் தாய்க்குக் கை நடுங்குவது பிள்ளைப் பாசத்தால். அஞ்சாத திருடனோ சூடத்தை அணைத்துவிட்டு நிம்மதியாக வீடு போவான். சத்தியத்துக்கு அழைக்கப்படுவதும் பெரும்பாலும் வேலைக்காரப் பெண்தான். அந்த வீட்டு மருமகனை யாரும் அழைப்பதில்லை. வீண்பழி சுமந்தவர் சாமி முன் நின்று அழுவது அவருக்கு ஆறுதல். அந்த வேண்டுதலை விசாரணையாக மாற்ற ஊராருக்கு உரிமை கிடையாது.

இதே மதுரையில் பழிக்கு உயிரைக் கொடுத்தவன் சிலப்பதிகாரக் கோவலன். அவன் மடியில் கனமில்லை; மனைவியின் சிலம்பைத்தான் விற்க வந்தான். அது அரசியின் சிலம்பு என்ற பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன் தீர விசாரிக்காமல் கொல்லச் சொன்னான். கண்ணகி கதிரவனைக் கேட்கிறாள். கணவன் கள்வன் அல்லன் என்று விடையும் வருகிறது. தெய்வமே சொல்லியும் அவள் அத்தோடு நிற்கவில்லை. அரசவைக்குப் போய், கைப்பற்றிய சிலம்பைக் கொண்டுவரச் செய்து உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து, இவள் சிலம்பில் மாணிக்கம். கோவலன் மீதான பழியைத் துடைத்தது அந்த மாணிக்கப் பரல்.

ஒரு காலத்தில் சட்டமும் சத்தியத்துக்கு இடம் கொடுத்தது. எதிராளி தனிச் சத்தியம் செய்தால் கட்டுப்படுகிறேன் என்று வழக்காடி ஒப்புக்கொண்டால், அந்தச் சத்தியமே முடிவான ஆதாரம் என்றது 1873 ஆம் ஆண்டுச் சட்டம். 1969 இல் வந்த புதிய சட்டத்தில் அந்த ஏற்பாடு இல்லை.

சித்திரைத் திருவிழாவுக்காக மதுரைக்குப் புறப்படும் கள்ளழகரின் நகைப் பட்டியலைப் பதினெட்டாம்படிக் கருப்பன் முன் வாசித்துக் காட்டுவது வழக்கம். பழி சுமத்துகிறவரும் அந்த வாசலுக்குக் கணக்கோடும் சாட்சியோடும் வரட்டும்.