பொத்தானை அழுத்தினால் போதுமா?

குட்டீஸ்... "கால்குலேட்டரை வைத்து விளையாடாதே, ஒழுங்காகக் கணக்கைப் போடு!" என்று வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? இன்று நான் உங்கள் கட்சி. தாராளமாக விளையாடுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால், ஒரு நிபந்தனை உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒரு சாதாரண கால்குலேட்டரை எடுங்கள். 100 என்று அடித்து, வர்க்கமூலப் பொத்தானை அழுத்துங்கள். 10 வரும். மறுபடி அழுத்தினால் 3.162... மறுபடியும் 1.778... அழுத்திக்கொண்டே இருந்தால், எண் சுருங்கிச் சுருங்கி 1-க்கு வந்துவிடும். சரி, 0.5-ல் தொடங்கினால்? இப்போது எண் வளர்ந்து வளர்ந்து அதே 1-க்குத்தான் வரும்!

அடுத்து, அண்ணனிடமோ அக்காவிடமோ கெஞ்சிக் கூத்தாடி சயின்டிபிக் கால்குலேட்டரை வாங்குங்கள். அதில் 'காஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். கொசைன் என்பதன் சுருக்கம் அது. பயப்படாதீர்கள்! சூரியன் நேர் உச்சியில் இருக்கும்போது, ஒரு மீட்டர் குச்சியைத் தரையில் ஊன்றிச் சாய்த்துப் பிடியுங்கள். அதன் நிழல் எத்தனை மீட்டர் நீளமோ, அதுதான் தரைக்கும் குச்சிக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைன்.

கோணத்தை டிகிரியில் அளப்பது போல, 'ரேடியன்' என்ற அளவிலும் அளக்கலாம். 1 ரேடியன் என்பது சுமார் 57 டிகிரி. கால்குலேட்டரை ரேடியனுக்கு மாற்றுங்கள். 1 என்று அடித்து, காஸ் போடுங்கள். 0.5403 வரும். வந்த விடைக்கே மறுபடி காஸ் போடுங்கள். 0.8576. அடுத்து 0.6543. அடுத்து 0.7935. மேலே, கீழே, மேலே, கீழே என ஊஞ்சல் ஆடுகிறது பார்த்தீர்களா? ஆட்டம் குறைந்துகொண்டே வந்து, சுமார் 60 தடவைக்குள் 0.7390851332 என்ற எண்ணில் அடங்கிவிடும். 5-ல் தொடங்குங்கள், 1000-ல் தொடங்குங்கள்... எல்லாரும் வந்து சேரும் ஊர் இதுதான்!

ஏன் அங்கே நிற்கிறது? அந்த எண்ணின் கொசைன் அதே எண்தான். உள்ளே போனதே வெளியே வந்தால், அப்புறம் எங்கே நகர்வது? அதன் பக்கத்தில் இருக்கும் எண்கள், ஒவ்வொரு அழுத்தலிலும் மிச்சமுள்ள தூரத்தை ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்துக்கொண்டு நெருங்குகின்றன.

இந்த எண்ணுக்கு 'டாட்டி எண்' என்று பெயர். டாட்டி யார் தெரியுமா? பிரெஞ்சு மொழிப் பேராசிரியை! கால்குலேட்டரில் காஸ் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தி, எப்போதும் ஒரே எண் வருவதைக் கவனித்தவர். 2007-ல் சாமுவேல் காப்லான் என்ற கணிதவியலாளர், தன் கட்டுரையில் அந்தப் பெயரையே எண்ணுக்குச் சூட்டினார். கணித அறிஞர்களுக்கு அந்த எண் முன்பே தெரியும். ஆனாலும், கணக்கு வாத்தியாராக இல்லாத ஒருவரின் பெயர் அதற்குக் கிடைத்தது. காரணம், அவர் கவனித்தார், வியந்தார். 'கணக்கு எனக்கு வராது' என்று ஒதுங்கி நிற்கும் குட்டீஸ், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கவனிப்பதற்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் தேவையில்லை.

ஆனால், கவனித்தால் மட்டும் போதாது. காஸுக்குப் பதில் 'சைன்' பொத்தானை அழுத்திப் பாருங்கள். 1-ல் தொடங்கி 10 தடவை அழுத்தினால் சுமார் 0.46. நூறு தடவை அழுத்தினால் சுமார் 0.17. கை வலித்ததும், "இதுவும் எங்கோ 0.1-க்குப் பக்கத்தில் நின்றுவிடும்" என்று எழுதிவிடத் தோன்றும். தப்பு! அது போய்ச் சேரும் இடம் பூஜ்யம். 0.01-க்கு வருவதற்கே சுமார் 30,000 தடவை அழுத்த வேண்டும். மிகச் சிறிய எண்ணுக்கு, அதன் சைன் கிட்டத்தட்ட அதே எண்ணாக இருப்பதால்தான் இந்த ஆமை வேகம்.

இன்னொரு கூத்து. கால்குலேட்டரை டிகிரிக்கு மாற்றிவிட்டுக் காஸ் அழுத்தினால், நான்கைந்து தடவையிலேயே 0.99984774 என்று நின்றுவிடும். அதே பொத்தான்தான், ஆனால் வேறு விடை!

ஆக, திரை சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. 'என்ன' என்று அது காட்டும். 'ஏன்' என்று ஒருநாளும் அதுவாகக் கேட்காது. கேட்க வேண்டியது நீங்கள்தான்.

இப்போது நிபந்தனை. விளையாடும்போது பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்க வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கு முன், என்ன வரும் என்று ஊகித்து எழுதுங்கள். வந்ததையும் எழுதுங்கள். ஊகம் தப்பினால், அதன் கீழே 'ஏன்?' என்று போடுங்கள். அந்தக் கேள்வியோடு நாளை உங்கள் கணக்கு ஆசிரியரிடம் போய் நில்லுங்கள்.

அதன் பிறகும் வீட்டில் திட்டினால், அந்த நோட்டைக் காட்டுங்கள். திட்டியவரே கால்குலேட்டரை வாங்கிப் பொத்தானை அழுத்த ஆரம்பித்துவிடுவார்! என்ன குட்டீஸ், தயாரா?