சிங்கை வீழ்ந்தது பீரங்கியாலா?

சிங்கப்பூர்ப் பீரங்கிகள் கடலையே நோக்கி நின்றமையால் 1942-ல் நகரம் வீழ்ந்ததென்று இன்றும் கூறுவாருளர். அன்பர்களே, இஃது இரும்பின்மேற் பழிபோட்டு மனிதரைத் தப்புவிக்கும் கதை! அப்பீரங்கிகளிற் பல நிலப்பக்கமும் திரும்பின. கப்பலைத் துளைக்கும் குண்டுகளே அவற்றிற்கு மிகுதியாயிருந்தன.

பெரும்பிழை சேனையை நிறுத்திய இடத்தில். பகைவர் வடகிழக்கே இறங்குவரெனக் கருதிய தளபதி பெர்சிவல், புதிதாய் வந்த 18-ஆம் டிவிஷனை அங்கே நிறுத்தினார். வடமேற்கே வரக்கூடுமென வேவல் கூறியும் பயனில்லை. பெப்ரவரி 8 இரவு ஜப்பானியர் வடமேற்கிலேயே இறங்கினர். 15-ஆம் நாள் சரணாகதி!

வடகரையில் அரணெழுப்பப் பொறியியல் தலைவர் சிம்ஸன் முன்னரே வேண்டினார். மக்கள் மனந்தளருமென்று பெர்சிவல் மறுத்தார். அரண் கண்டா மனம் தளரும்? அரணின்மை கண்டன்றோ தளரும்!

தளபதியும் சிறைப்பட்டார், உண்மை. ஆயின் அவர் முடிவில் யாதொரு பங்குமில்லாத தோட்டத் தமிழர், சயாம் ரயில் பாதைக்கு ஆயிரமாயிரமாய் இழுத்துச் செல்லப்பட்டு மடிந்தனரே! படை நிற்குமிடம் இரகசியமாயிருக்கலாம். மக்களைக் காக்கும் அரணை அம்மக்களின் பெயராலேயே மறுப்பது ஒருநாளும் தகாது.