நேர்கோடே நல்லிசை ஆகாது

வீட்டு ஒலியமைப்பைச் சீராக்க இன்று ஓர் அளவீட்டு மைக்கும் மடிக்கணினியும் போதும். ரூம் ஈக்யூ விசார்ட் போன்ற இலவச மென்பொருள், அறையில் எந்த அதிர்வெண் மிகுகிறது, எது குன்றுகிறது என்பதை வரைபடமாகக் காட்டிவிடும். சிக்கல் அதற்குப் பின்னரே தொடங்குகிறது. மேடுபள்ளமற்ற கோடே நல்லிசை என்று பலர் நம்பிவிடுகின்றனர்.

பத்தடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் இரு சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸில் நிலையலை எழும். சுவரோரம் அது முழங்கும். நடு அறையில் பெரிதும் அடங்கும். நடுவில் வைத்த மைக் காட்டும் அப்பள்ளத்தை ஈக்வலைசரால் 10 டெசிபல் உயர்த்த முனைந்தால், அந்த அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு ஆற்றல் செலவிட நேரும். நேர் ஒலியும் எதிரொலியும் ஒருசேர உயர்வதால் பள்ளம் தூராது. சுவரோரம் அமர்ந்தவருக்கு முழக்கமே மிகும்.

மேடுகளைக் குறைப்பது பயன் தரும். பள்ளங்களுக்குத் தீர்வு, இருக்கையையோ ஸ்பீக்கரையோ நகர்த்தி, பல இடங்களில் மீண்டும் அளப்பதே. சிமெண்டுச் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்ட நகர வீடுகளில் கம்பளமும் கனத்த திரைச்சீலையும் உயர் அதிர்வெண்களின் எதிரொலியைத் தணிக்கும். தாழ்ந்த அதிர்வெண்களை அவை அசைப்பதில்லை.

இது இசை ஆர்வலருக்கு மட்டுமான பாடம் அன்று. விடுதி அறையில் பதிந்த உயிரொலிகளைப் பிராட் மென்பொருளில் அளக்கும் ஒலியியல் மாணவர், பேசியவரின் குரலோடு அறையின் குரலையும் சேர்த்தே அளக்கிறார். வரைபடம் பொய் சொல்வதில்லை. ஆனால் அது ஓரிடத்தின் சாட்சியம் மட்டுமே. மைக் எங்கே, எத்தகைய அறையில் இருந்தது என்று குறிப்பிடாத அளவீடு ஆய்வேட்டில் இடம்பெறத் தகுதியற்றது.