எந்தப் பாட்டியின் இரும்புச்சட்டி?

இரும்புச்சட்டிக்குத் திடீரென்று மவுசு வந்திருக்கிறது. இயற்கை அங்காடி என்று பலகை மாட்டிய கடைகளில் தினை, சாமை, கருப்பட்டிக்குப் பக்கத்தில் தோசைக்கல்லும் பணியாரக்கல்லும் வடச்சட்டியும் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூடவே ஒரு அட்டை. நம் பாட்டிமார் சமைத்த பாத்திரம், மறந்துபோன நம் பாரம்பரியம் என்று அச்சடித்திருக்கிறது. விலையைப் பார்த்தால் வங்கிக் குமாஸ்தாவுக்கே கை நடுங்குகிறது. விலை கிடக்கட்டும். எனக்கு அந்த அட்டையில் இருக்கிற 'நம்' மேல்தான் சந்தேகம். நம் பாட்டி என்றால் எந்தப் பாட்டி? ஊரில் இருந்த பாட்டியா, சேரியில் இருந்த ஆயாவா?

சேரி ஆயாக்களின் அடுப்பில் எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள். மனுதர்மத்தின் பத்தாவது அத்தியாயத்தைப் புரட்டினால் தெரியும். சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், உடைந்த பாத்திரத்தில் சாப்பிட வேண்டும், இரும்பில்தான் நகை போட வேண்டும் என்கிறது அது. கவனியுங்கள் தோழர்களே, இரும்பு நமக்கு ஒதுக்கப்பட்ட உலோகம்தான். ஆனால் உடம்பில் மாட்டிக்கொள்ள, அடையாளம் தெரிய. சோற்றுக்கு உடைந்த பாத்திரம்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், யார் நடைமுறைப்படுத்தினார்கள் என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் சீமையில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. இந்த வரிசையில் ஒன்று, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பது. மீறின இடத்தில் குடிசைகளைக் கொளுத்தினார்கள், தானியத்தை அழித்தார்கள், ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். இதை எழுதி வைத்தவர் நம்ம ஆள் இல்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் என்கிற வெள்ளைக்காரர், இந்தியச் சாதி பற்றிய தன் புத்தகத்தில்.

ஐந்து வருசம் கழித்து 1935 நவம்பரில், குஜராத்தில் அகமதாபாத் மாவட்டத்து ஜானு கிராமத்தில், கொஞ்சம் வசதியான தீண்டப்படாத குடும்பத்துப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுக்கப் போனார்கள். அதற்காக அடி. அவர்கள் கொண்டுபோன குடம் உலோகம் என்பதுதான் சாதி இந்துக்களுக்கு அவமானமாகிவிட்டது. பாபாசாகேப் 1936இல் 'சாதியை அழித்தொழித்த'லில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஒரு சட்டியில் என்ன இருக்கிறது, இத்தனை ஆத்திரப்பட? மண்சட்டியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மீன்குழம்புக்கு அதை அடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. (இப்போது அதுவும் அட்டை போட்டு விற்பனைக்கு வந்துவிட்டது, அது வேறு கதை.) ஆனால் மண்சட்டி உடையும். உடைந்தால் மிச்சம் ஒன்றுமில்லை, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உலோகம் சொத்து. அவசரத்துக்கு அடகு வைக்கலாம், மகளுக்குச் சீராகக் கொடுத்தனுப்பலாம், செத்த பிறகும் வீட்டில் கிடக்கும். ஒரு தலைமுறை சேர்த்தது அடுத்த தலைமுறைக்குப் போகக் கூடாது என்பதுதான் அந்தத் தடையின் உள்குத்து. உடைந்துகொண்டே இருக்கிற வீட்டிலிருந்து விடியுமுன்னே கூலிக்கு ஆள் வரும் அல்லவா.

எங்கள் வீட்டில் முதல் இரும்புச்சட்டி 1960களில் வந்தது. அப்பாவைப் பெற்ற ஆயா, தென்னாற்காட்டுக்காரி, ஒரு ஆட்டுக்குட்டி விற்ற காசில் சந்தையில் வாங்கினது. வார்ப்பு இரும்பு, ரெண்டு காது வைத்தது. சந்தையிலிருந்து சேரிக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் வரணும். சட்டியைப் புல்லுக்கட்டுக்குள்ள வச்சுக் கட்டித் தலையில தூக்கிட்டு வந்துச்சாம். தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955லேயே வந்துவிட்டது. அது அந்தத் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஆயாவுக்குச் சட்டமும் தெரியாது, ஹட்டனும் தெரியாது. எதை மூடி எடுத்து வரணும் என்று மட்டும் தெரிந்திருந்தது.

ஆகவே அங்காடிக்காரர் சொல்கிற மாதிரி எங்கள் பாட்டி காலம் இரும்புச்சட்டியில் தொடங்கவில்லை. அது பாரம்பரியம் இல்லை, மீறல். இதைச் சொல்லாமல் அந்தச் சட்டியை 'முன்னோர் அறிவு' என்று விற்பது, புல்லுக்கட்டை விட்டுவிட்டுச் சட்டியை மட்டும் எடுத்துக்கொள்வது.

புதுச்சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்ற முடியாது. அதைப் பழக்கணும். காளையைப் பழக்குவது, கையைப் பழக்குவது, சட்டியைப் பழக்குவது, எல்லாத்துக்கும் நம் சனத்திடம் ஒரே சொல்தான். ஆயா முதலில் வடிகஞ்சியை ஊற்றி ஊறப்போடும். தினம் கஞ்சியை மாற்றி, வைக்கோல்பிரியால் தேய்த்து, மூணு நாள். வார்ப்பு மணலின் சொரசொரப்பும் கடைக்காரன் பூசின எண்ணெயும் கஞ்சிப் புளிப்பில் கழன்று வரும். அப்புறம் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் அடுப்பில் காய வைத்து, மாட்டுக்கொழுப்பை ஒரு துணியில் தொட்டு உள்ளும் புறமும் தடவும். தடவினதைத் துடைத்தும் விடும். இது முக்கியம். நிறைய இருந்தால் பிசுக்காகி ஒட்டிக்கொள்ளும். ரேகை அளவுக்கு மெல்லிசாக இருக்கிற எண்ணெய்தான், புகை வரும் வரை காய்ந்தால், ஒன்றோடு ஒன்று பிணைந்து இரும்பின்மேல் தோல் மாதிரி ஒரு படலமாக இறுகும். ஒரு தடவையில் வராது. பத்து, பதினைந்து தடவை. பிறகு சமைக்கச் சமைக்க அது தானே வளரும்.

வேதியியல் படித்த நண்பர் ஒருவர், மாட்டுக்கொழுப்பைவிட நல்லெண்ணெய் சீக்கிரம் படலம் கட்டும் என்றார். உண்மைதான். நல்லெண்ணெய்க்குக் காசு கொடுக்கணும், கொழுப்பு கறியோடு வந்தது.

அந்தச் சட்டியில் கறி வறுக்கிற முறையைச் சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரை எழுதினதே வீண். கறியை மண்சட்டியில் உப்பு, மஞ்சள் போட்டு வேக வைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். இரும்பு சூடேற நேரம் பிடிக்கும், ஆனால் கனமான சட்டியில் ஏறின சூடு லேசில் இறங்காது. அலுமினியச் சட்டியில் குளிர்ந்த கறியைக் கொட்டினதும் சூடு விழுந்து தண்ணீர் விட ஆரம்பிக்கும், வறுவல் அவியலாகிவிடும். இரும்பு அப்படி விட்டுக்கொடுக்காது. முதலில் கொழுப்புத் துண்டுகளை மட்டும் போட்டு உருக விடணும், தனி எண்ணெய் வேண்டாம். அதில் சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய். பிறகு வெந்த கறி. கிண்டிக்கொண்டே இருக்கக் கூடாது, அடி பிடிக்கட்டும் என்று விட்டுத் திருப்பணும். கடைசியில் மிளகு, சீரகம் தட்டிப் போட்டு இறக்கினால் கறியும் சட்டியும் ஒரே நிறத்தில் இருக்கும். உப்புக்கண்டம் வறுக்கிற நாளில் தெருமுனையிலேயே யார் வீடு என்று சொல்லிவிடலாம்.

இந்த வாசம்தான் வம்பு. நான் மாற்றலாகிப் போன ஒரு ஊரில், வாடகை வீட்டின் சொந்தக்காரர் குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்க உள்ளே வந்தார். குழாயைப் பார்த்த நேரத்தைவிடச் சட்டியைப் பார்த்த நேரம் அதிகம். "சார், நீங்க என்ன சமைப்பீங்க? சட்டி வாசமே வேற மாதிரி இருக்கே" என்றார். நான் சொன்னேன். அடுத்த மாதமே அவருடைய மகன் வெளியூரிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருவதாக ஆகிவிட்டது. நான் காலி செய்த பிறகு அந்த வீட்டில் குடிவந்தது யாருடைய மகனுமில்லை.

கூட வேலை பார்க்கிற மூத்தவர் ஒருவர், நம்ம ஆள்தான், எனக்குப் புத்தி சொன்னார்: "தம்பி, அந்தச் சட்டிய ஊர்ல போட்டுட்டு வா. ஒரு நான்ஸ்டிக் வாங்கிக்க. கழுவிட்டா ஒண்ணும் தெரியாது." அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ரெண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு வருசத்துக்கு ஒரு வீடு மாற முடியாது. 2015இல் உத்தரப்பிரதேசத்துத் தாத்ரியில், வீட்டில் மாட்டுக்கறி இருக்கிறதென்ற வதந்திக்கே முகமது அக்லாக்கை அடித்துக் கொன்ற நாடு இது. அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அவர் சொன்னதை யோசித்துப் பாருங்கள். கழுவினால் ஒன்றும் தெரியாத சட்டி. என்ன சமைத்தோம் என்பதை ராத்திரியோடு மறந்துவிடுகிற சட்டி. நகரத்தில் ஒண்டிக்கொள்ள நம்மிடம் கேட்கிற விலை இதுதான். சட்டியில் ஆரம்பித்து, பிள்ளைக்கு வைக்கிற பெயர் வரைக்கும் இது போகிறது.

பழகின இரும்புச்சட்டி மறக்காது. நேற்றைய கொழுப்பின்மேல்தான் இன்றைய கொழுப்பு ஏறுகிறது. ஆயா கையில் பழகி, அம்மா கையில் தடித்த படலம் இப்போது என் அடுப்பில் இருக்கிறது. இங்கே ஒரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கவிதை எழுதுகிற தோழர்கள் சிலர், வீட்டுச் சட்டியைக் கம்பிநார் போட்டுத் தேய்த்து வெளுப்பாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை அய்யா.

இனி ரத்தத்துக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இரும்புச்சட்டி இதற்கு ஏதாவது செய்யுமா? எத்தியோப்பியாவில் 407 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 1999இல் 'லான்செட்' இதழில் வந்தது. இரும்புச்சட்டியில் சமைத்ததைச் சாப்பிட்ட குழந்தைகளுக்கு, அலுமினியச் சட்டிக் குழந்தைகளைவிட ரத்தத்தில் ஹீமோகுளோபின் நன்றாகக் கூடியிருந்தது. புளிப்பும் ஈரமும் உள்ள உணவு, ரொம்ப நேரம் சட்டியில் வேகிற உணவு, இவற்றில்தான் இரும்பு அதிகம் இறங்கும். ஆனால் அதே புளிப்பு சட்டியின் படலத்தையும் தின்னும். அதனால் தக்காளித்தொக்கு கிண்டலாம், புளிக்குழம்பை ராத்திரி முழுக்க அதிலேயே விட்டுவைக்கக் கூடாது. வாழைப்பூ கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும்.

அதற்காக, சட்டியை மாத்து, ரத்தசோகை போய்விடும் என்று அட்டைக்காரர்கள் மாதிரி நானும் பேசத் தயாரில்லை. சட்டிக்குள் போட என்ன இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. கறியிலும் ஈரலிலும் இருக்கிற இரும்பைக் கீரையில் இருப்பதைவிட உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கறியைக் குற்றமாக்கிவிட்டு, சத்துக்குறைவுக்குச் சட்டி சிபாரிசு செய்வது என்ன நியாயம்? ஆரம்ப சுகாதார நிலையத்து மாத்திரையையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக நமக்குள் ஒரு விசயம். 2012இல் உஸ்மானியா பல்கலைக்கழகத்து மாணவர்கள் மாட்டுக்கறி விழா நடத்தியதிலிருந்து, கறிச்சோறு நம் மேடைகளிலும் அரசியலாகிவிட்டது. நல்லது. நான் போன கூட்டங்களில் மேடையில் பேசியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பின்னால் அடுப்படியில் இருந்தவர்கள் பெண்கள். சாப்பிட்டு முடித்து நாம் கை கழுவிக்கொண்டு விவாதத்தைத் தொடர, சட்டியோடு உட்கார்ந்திருந்ததும் அவர்களே. இரும்புச்சட்டியை ஊறப்போட்டுவிட்டு நாளைக்குப் பார்க்கலாம் என்று போக முடியாது, துரு ஏறிவிடும். சாப்பிட்ட கையோடு யாராவது அதைக் கவனித்தே ஆகணும். அந்த யாராவது ஏன் எப்போதும் ஒரு அக்காவாக, ஒரு தங்கச்சியாக இருக்கிறார்கள்? பாத்திரம் தேய்ப்பதை வெளியே வைத்துவிட்டு என்ன பண்பாட்டு அரசியல் பேசப் போகிறோம்?

விடுதியிலும் அறை எடுத்தும் தங்கியிருக்கிற தம்பிகளுக்கு இது: அங்காடிக்குப் போக வேண்டாம். வாரச்சந்தையிலோ பழைய இரும்புக்கடையிலோ தேடினால் கிடைக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள், மணி மாதிரி ஒலித்தால் நல்ல சட்டி, சத்தம் செத்துப்போய் வந்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. துரு இருந்தால் பரவாயில்லை, செங்கல்பொடி போட்டுத் தேய்த்தால் போய்விடும். சமைத்து முடித்ததும் சூடான சட்டியில் பச்சைத்தண்ணி ஊற்றாதீர்கள், வார்ப்பு இரும்பு வெடித்துவிடும். வெந்நீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டி, ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். மின்தூண்டல் அடுப்பிலும் வைக்கலாம், குறைந்த சூட்டில் ஆரம்பிக்க வேண்டும். முதல் சில நாளைக்குத் தோசை ஊற்றாதீர்கள், ஒட்டும். கொழுப்புள்ள கறியாகக் கேட்டு வாங்கி வறுங்கள்.