உறக்கமும் ஒரு சாட்சியம்தான்

"நாய்க்கு மூன்று கால் போதும், இழந்ததை அது நினைத்துக்கொண்டிருப்பதில்லை" என்று இலக்கிய நண்பர்கள் சிலர் என்னைத் தேற்றினார்கள். வாகனம் ஏறி நசுங்கிய பின்னங்காலை மருத்துவர் அகற்றியபின் எங்கள் நாய் வீடு திரும்பியிருந்த சமயம். பகலில் அது தத்தித் தத்தி ஓடுவதைப் பார்த்து வழங்கிய தீர்ப்பு அது. இரவில் எப்படி உறங்குகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதல் சில நாட்கள் அயர்ந்து கிடந்தது. அது நிம்மதியல்ல, மருந்தின் மயக்கம். பிறகு வந்த இரவுகளில் படுக்க இடமின்றிச் சுற்றியது; பழகிய பக்கம் சாய்ந்து, உடனே எழுந்தது; மூச்சிரைத்தது. தையல் பிரித்துப் பல நாட்களான பின்னும் தூக்கத்தில் அலறி விழித்து, வெட்டுண்ட இடத்தை நக்கியது.

அமெரிக்க மருத்துவர் வெயர் மிட்செல் 1871இல் 'மாய உறுப்பு' என்று பெயரிட முடிந்தது, உள்நாட்டுப் போரில் கைகால் இழந்த வீரர்கள் தம் வேதனையை வாய்விட்டுச் சொன்னதால்தான். நாயால் சொல்ல இயலாது. சொல்லப்படாத வலி இல்லாத வலி என்பது, மொழியைக் கொண்டு பிழைக்கும் நம்முடைய ஆணவமன்றி வேறென்ன?

பெரும்பாலான நாய்கள் சில வாரங்களில் நன்றாக உறங்கத் தொடங்கிவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. உறங்காத நாய்க்கோ "பழகிவிடும்" என்ற ஆறுதல் மருந்தாகாது. நரம்பு வலிக்கென மருத்துவர் கபாபென்டின் தந்த பின்னரே எங்கள் நாய் விடியும்வரை உறங்கியது.

நண்பர்களே, தீர்ப்பெழுதுமுன் ஓர் இரவு அதனருகே விழித்திருந்து பாருங்கள்.