கிலோமீட்டருக்கு என்ன ஆகுது?

பெட்ரோல் ஒரு ரூபாய் ஏறினால் கோவையில் பேக்கரி டீயிலிருந்து மண்டபத்துப் பந்தி வரை அதுதான் பேச்சு. ஏழு வருடத் தவணையில் பெரிய வண்டி எடுத்தவர் மட்டும் அந்தத் தவணையைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. அவர் ஸ்வீட் பாக்ஸோடு வருகிறார்.

பெட்ரோல் விலையைத் திட்டுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் விலை ஒரு நாள் பூஜ்யத்துக்கும் கீழே போனது. அடுத்த மாதமே மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றிக்கொண்டது. மலிவு நம் டேங்க் வரைக்கும் வரவில்லை. மறு வருடமே லிட்டர் நூறைத் தாண்டியது. திட்டலாம், தாராளமாக.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2012 மே மாதம் சென்னையில் பெட்ரோல் 77 ரூபாயைத் தாண்டியபோது ஊரே கொதித்தது. பன்னிரண்டு வருடம் கழித்து, 2024இல், நூறு ரூபாய்ச் சொச்சம். மூன்றில் ஒரு பங்குகூட ஏறவில்லை. அன்று ஆல்டோவும் சான்ட்ரோவும் நின்ற போர்டிகோவில் இன்று நிற்பது வேறு ரகம். 2024-25 நிதியாண்டில் நாட்டில் விற்ற கார்களில் சுமார் 65 சதவீதம் எஸ்யூவி, எம்பிவி வகைகள்தான். மாறியது பெட்ரோல் விலையைவிட வாசலில் நிற்கும் வண்டிதான்.

ஷோரூம் விலை 14 லட்சம் உள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரை சாலை வரி 18 சதவீதம். அதுவே இரண்டரை லட்சம். இன்சூரன்ஸும் மற்றதும் சேர்த்தால் ஆன்ரோடு பதினேழைத் தொடும். 14 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருடம் என்றால் மாத டியூ 22,500 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 4 லட்சத்து 90 ஆயிரம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு பெட்ரோல் செலவு எட்டாயிரத்து சொச்சம். லிட்டருக்கு ஐந்து ரூபாய் ஏறினால் மாதம் கூடுவது 417 ரூபாய். ஊரையே எழுப்பி நாம் திட்டுவது இந்த 417ஐ. அந்த 22,500 மாதம் ஐந்தாம் தேதி காலையில் அக்கவுண்டிலிருந்து சத்தமில்லாமல் போய்விடுகிறது. பங்க்கில் மட்டும் பையன் "ஜீரோ பாத்துக்கங்க சார்" என்கிறான், கண்ணெதிரே எண் ஓடுகிறது, வலிக்கிறது. பொள்ளாச்சி ரோட்டில் ஒரு பங்க்கில், வானம் பார்க்கும் கூரை வைத்த கறுப்பு வண்டி வந்து நின்று, கண்ணாடி பாதி இறங்கி, "ஐநூறுக்குப் போடு தம்பி" என்று குரல் வந்ததைக் கேட்டிருக்கிறேன். ஐந்து லிட்டர்கூட வராது. கிணத்துக்கடவு போய்த் திரும்பலாம்.

கொங்கு நாட்டுக்காரன் கடனுக்குப் பயந்தவன் இல்லை. திருப்பூர் பனியன் மெஷின், சோமனூர்த் தறி, திருச்செங்கோட்டு போர்வெல் ரிக், நாமக்கல் லாரி எல்லாமே கடனில் வந்தவை; சீட்டு, சொந்தக்காரர் கைமாற்று, ஃபைனான்ஸ். இந்த ஊர்ப் பக்கம் கடன் வாங்குவதே ஒரு திறமை. ஆனால் அந்தக் கடனில் வந்தது மறுநாளே வேலைக்குப் போயிற்று. தன் டியூவைத் தானே கட்டியது. அதே துணிச்சல், அதே ஃபைனான்ஸ், அதே 'டியூ' என்ற சொல்லோடு இப்போது போர்டிகோவுக்கு வந்துவிட்டது. இந்த வண்டி தன் டியூவைக் கட்டாது. சம்பளம்தான் கட்ட வேண்டும்.

சங்ககிரியில் எனக்கு மாமா முறை ஒருவர் லாரி வைத்திருந்தார். 2013 ஜனவரியிலிருந்து டீசல் மாதம் ஐம்பது பைசா ஏறிய காலம் அது. 2014 அக்டோபரில் அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை முழுவதும் கைவிடும் வரை, ஒவ்வொரு ஐம்பது பைசாவுக்கும் அவர் வாடகையைத் திருத்தி எழுதினார். நீள நோட்டில் ஒரு பக்கம் கிலோமீட்டர், ஒரு பக்கம் லிட்டர், அடுத்து டயர், டோல், டிரைவர் படி. பிற்பாடு அவர் பையன் கார் எடுத்த அன்று எல்லோரும் சன்ரூஃபைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் என்னிடம்தான் கேட்டார்: "ஏனுங் மாப்ள, இது கிலோமீட்டருக்கு என்ன ஆகுது?" "பெட்ரோல் எட்டு ரூவா வருங் மாமா" என்றேன். "பெட்ரோலக் கேக்கல. டியூவோட." மனக்கணக்கில் முப்பது ரூபாய் வந்தது. "டாக்ஸியே தேவலையாட்ட இருக்குதுங்" என்று சொல்லிவிட்டு அவரும் சன்ரூஃபைப் பார்க்கப் போனார்.

மோட்டார் வண்டி ஆசைக்கு இந்த ஊரில் முன்னோடி ஜி.டி.நாயுடு. வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கியவர், கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து அப்படி ஒன்றை வாங்கினார். வாங்கியதும் கழற்றிப் பார்த்தார். 1920இல் ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். பிற்பாடு இரண்டாயிரம் ரூபாய்க்கு இருவர் உட்காரும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். அரசு உரிமம் தரவில்லை. 2025 அக்டோபரில் அவர் பெயரில் அவினாசி ரோட்டில் திறந்த பத்து கிலோமீட்டர் பாலத்தின் மேல் இப்போது பறப்பவற்றில் பாதி, ஒற்றை ஆள் உட்கார்ந்த ஏழு சீட் வண்டிகள்.

பெரிய வண்டி ஏன் எடுக்கிறோம் என்றால் கல்யாணம் ஒரு காரணம். முன்பு புரோக்கர் எத்தனை ஏக்கர், எத்தனை தறி என்று சொல்லுவார். இப்போது இனோவா இருக்குதுங்க என்கிறார். ஏக்கர் யார் பெயரில் என்று பத்திரம் கேட்பவர்கள், இனோவா எந்த பேங்க் பெயரில் என்று கேட்பதில்லை.

ஷோரூம்காரர்களுக்கு இந்த ஆசை நன்றாகத் தெரியும். வண்டி விலையை அவர்கள் பேசுவதே இல்லை, "மாசம் எவ்வளவு கட்டலாம்னு இருக்கீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். 22,500 என்று சொல்லிப் பாருங்கள். ஐந்து வருடத்தில் அந்தத் தொகைக்கு பதினொரு லட்சத்துக்குள்தான் கடன் வரும். ஏழு வருடமாக்கினால் 14 லட்சம். டியூ அப்படியே இருக்க, வண்டி மட்டும் மூன்று லட்சம் வளர்ந்துவிடும். 2025 செப்டம்பர் 22இல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தபோது, மிச்சமாகும் காசில் டியூவைக் குறைப்பார்கள் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டில் மிச்சத்துக்கு டாப் மாடல் எடுத்தார்கள்.

சங்ககிரி மாமா பையன் இப்போது மில்லுக்கு ஸ்கூட்டரில் போகிறான். பெட்ரோல் கட்டுபடியாகவில்லையாம்.