அறிவுச் சாளரம்: அழிந்த உயிர்களும் எஞ்சிய உயிர்களும்

நம் தங்கவயற் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் வினா ஒன்றுண்டு. "சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியதாமே! அவ்வளவு ஆழத்தில் டைனோசரின் எலும்பு ஒன்றேனும் கிடைத்ததா?" என்பதே அவ்வினா. பாட்டன்மார் வியர்வை சிந்திய இடத்தைப் பற்றிய வினாவாதலின், அதற்குச் சரியான விடை கூறுதல் நம் கடன். விடை இதுதான்: எலும்பு ஒன்றும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் இயலாது. அதன் காரணத்தை இத்திங்கள் ஆராய்வோம்.

ஆழத் தோண்டினால் பழமை கிட்டும் என்பது பெரும்பாலும் மெய்யே. ஆயினும் நம் ஊரில் பழமையைத் தேடி ஆழத்திற்குச் செல்ல வேண்டியதில்லை. தெருவோரத்திற் கிடக்கும் கரும்பாறையே ஏறக்குறைய 270 கோடி ஆண்டு வயதுடையது. அது தோன்றிய காலத்தில் இங்கே நீர்ப்பரப்பு இருந்தது. அதன் அடியிலிருந்து பொங்கிய எரிமலைக் குழம்பு, நீர் பட்டவுடன் தலையணை தலையணையாக உறைந்தது. அத்தகைய தலையணைப் பாறைகளை நம் தங்கவயற் பகுதியில் இன்றும் காணலாம். இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அவற்றைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. அக்காலத்தில் உலகில் உயிர் இருந்தது. ஆனால் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிராகவே இருந்தது. எலும்பில்லை, ஓடில்லை, இலையில்லை, வேருமில்லை. காற்றில் நாம் சுவாசிக்கும் பிராணவாயுவும் பெயரளவிலேயே இருந்தது. எலும்புடைய உயிர் தோன்றுவதற்கு இருநூறு கோடி ஆண்டுகட்கும் முற்பட்ட பாறையில் எலும்பைத் தேடுதல், பாட்டன் பிறக்கும் முன்னரே பேரனைத் தேடுதல் போலாகும்.

கோடி கோடியாக ஆண்டுகளைக் கூறினால் மனத்தில் ஒன்றும் பதியாது. நாமோ கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கணக்கெழுதிப் பிழைக்கும் இருப்புப்பாதை எழுத்தர். ஆதலால் நம் தொழிற்கணக்கிலேயே இதனைக் காட்டுவோம். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கோடி ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூமி பிறந்து ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. எனவே பாதையின் நீளம் 454 கிலோமீட்டர். வண்டி புறப்பட்டு 184-ஆவது கிலோமீட்டரை அடையும்போது தங்கவயற் பாறை தோன்றுகிறது. 400-ஆவது கிலோமீட்டரை நெருங்கும்போதுதான் ஓடும் காலும் உடைய விலங்குகள் கடலிற் பெருகக் காண்கிறோம். நம்மையொத்த மனிதன் தோன்றியது கடைசி 30 மீட்டரில். அது ஒரு பயணிகள் பெட்டியின் நீளத்தைவிடச் சற்றே கூடுதல். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வேலை தொடங்கியது முதல், 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது வரையுள்ள 121 ஆண்டுகளும் இப்பாதையில் ஒரு விரலின் அகலமே.

இப்பாதையின் இறுதிப் பகுதியில் ஐந்து பெருவிபத்துகள் நிகழ்ந்தன. 410, 417, 429, 434, 447 ஆகிய கிலோமீட்டர்களை ஒட்டி அவை நேர்ந்தன என்று குறித்துக்கொள்ளலாம். முதலாவது, உலகம் உறைபனியில் மூழ்கிக் கடல்மட்டம் தாழ்ந்த காலத்தது. மூன்றாவதே அனைத்தினும் கொடியது. 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகட்கு முன், சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருகிக் காற்றையும் கடலையும் கெடுத்தபோது, கடல்வாழ் இனங்களில் பத்துக்கு எட்டுப் பங்குக்கும் மேல் அற்றுப்போயின. ஐந்தாவது, 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகட்கு முன் நேர்ந்தது. டைனோசர்களைக் கொண்டுசென்றது இதுவே. இதன் சாட்சியங்களைக் காண அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. அவை நம் தாயகமான தமிழ்நாட்டிலேயே, அரியலூர், பெரம்பலூர் வட்டாரங்களில் மண்ணின்மேலேயே கிடக்கின்றன.

இன்று அவ்வட்டாரம் வறண்ட மேட்டுநிலம். கடற்கரைக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு. 12 கோடி ஆண்டுகட்கு முன்னோ கடல் அவ்விடம் வரை ஏறி வந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் முன்னேறியும் பின்வாங்கியும் அங்கே அலையடித்தது. கரையோரக் காட்டிலிருந்து நீரோடு வந்த மரமொன்று சேற்றிற் புதைந்தது. நீரிற் கரைந்திருந்த மணற்சத்து மரத்தின் நுண்ணறைகளிற் புகுந்து, மரம் மாயக் கல் நின்றது. 18 மீட்டர் நீளமுள்ள அந்தக் கல்மரம் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் இன்றும் கிடக்கின்றது. பூக்கும் மரங்கள் உலகிற் பெருகுவதற்கு முற்பட்ட ஊசியிலை மரக்குலத்தது அது. 1940-ல் அதனை அறிவியல் உலகிற்கு எடுத்துக்காட்டியவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் என்னும் தமிழர். அவரே 1951-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் முதல் இந்திய இயக்குநர் ஆனவர்.

சாத்தனூருக்கு அருகில் காரை என்னும் சிற்றூரின் ஓடைக்கரைகளிலும், கருடமங்கலத்துச் சிப்பிப் பாறைகளிலும், ஊட்டத்தூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லிலும் அக்கடலின் உயிர்கள் கல்லாய் உறைந்துள்ளன. 1860-களிலும் 70-களிலும் ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் அவற்றை வகைப்படுத்திப் பெருநூல்களாக எழுதினார். இன்று டால்மியாபுரத்திலும் அரியலூரிலும் உள்ள ஆலைகள் சிமெண்ட் ஆக்குவதும் அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்பைக் கொண்டே. தாயகத்தில் வீடு கட்டிய நம்மவரிற் பலருடைய சுவரிலும் அக்கடற்சிப்பிகளின் துகள் இருத்தல் கூடும்.

அக்கடலில் செழித்து வாழ்ந்த ஓர் உயிரை நீங்கள் முன்பே அறிவீர்கள். வைணவ இல்லங்களிற் பூசைக்குரியதாய் விளங்கும் சாளக்கிராமத்தைக் கண்டிருப்பீர்கள். நேபாளத்துக் கண்டகி நதியிற் கிடைக்கும் அக்கல்லினுள் அமைந்த சக்கர வடிவம், அம்மோனைட் என்னும் கடலுயிரின் ஓட்டுச் சுருளே ஆகும். கணவாய்க்கு நெருங்கிய உறவினம் அது. நம் அரியலூர்க் கடலில் விரல்நுனி அளவினதும், வண்டிச்சக்கரத்தை நினைவூட்டும் அளவினதுமாகப் பல வகை அம்மோனைட்டுகள் நீந்தின. இக்குலம் 30 கோடி ஆண்டுகட்கும் மேலாக உலகக் கடல்களில் வாழ்ந்தது. மூன்று பேரழிவுகளை மயிரிழையிற் கடந்தது. ஐந்தாவதில் அடியோடு மறைந்தது. அரியலூர்ப் பாறை அடுக்குகளில் கீழே அம்மோனைட் நிறைந்திருக்கிறது. மேலேயுள்ள நின்னியூர் அடுக்கில் அது இல்லை. ஆனால் அதன் பங்காளியாகிய நாட்டிலஸ் என்னும் சுருளோட்டுயிர் அவ்வடுக்கிலும் காணப்படுகிறது. இன்றும் பசிபிக் கடலின் ஆழ்நீரில் வாழ்கிறது. இரண்டும் ஒரே கடலில் வாழ்ந்தவை. ஒரே வகையான ஓடு தரித்தவை. ஒன்று மாய்ந்து ஒன்று தப்பியது எவ்வாறு?

முதலில் நேர்ந்தது இன்னதெனக் காண்போம். அக்காலத்தில் நம் இந்திய நிலம் ஆசியாவோடு சேராத தனித்தீவாக வடக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அதன் மேற்குப் பகுதியில் நிலம் பிளந்து, சில லட்சம் ஆண்டுகள் விட்டு விட்டு எரிமலைக் குழம்பு வழிந்தது. இன்றும் ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அப்பாறை படிந்துள்ளது. பம்பாயிலுள்ள உறவினரைக் காணப் பூனா வழியே சென்றவர்கள் போர்காட் மலைச்சரிவில் வண்டி இறங்கக் கண்டிருப்பீர்கள். 1863-ல் திறக்கப்பட்ட அப்பாதைக்காகக் குடைந்த குகைவழிகள் யாவும் அக்குழம்புப் பாறையிற் குடைந்தவையே. அஜந்தா, எல்லோராக் குகைகளும் அவ்வாறே.

அக்குழம்பு வழிந்துகொண்டிருந்த காலத்திலேயே வானத்திலிருந்து இரண்டாம் இடி விழுந்தது. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் குறுக்களவுள்ள விண்கல்லொன்று மெக்சிகோவில் இன்றைய சிக்சுலுப் என்னுமிடத்திற் பாய்ந்து, 180 கிலோமீட்டர் அகலத்திற்குப் பள்ளம் பறித்தது. 1980-ல் லூயி அல்வாரெஸ், வால்டர் அல்வாரெஸ் என்னும் தந்தையும் மகனுமாகிய அமெரிக்க அறிஞர்கள் தம் குழுவினருடன் சேர்ந்து இதற்கான முதற் சான்றை வெளியிட்டனர். பூமியின் மேற்பரப்பில் மிக அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள இரிடியம் என்னும் உலோகம், அக்காலத்து மெல்லிய களிமண் அடுக்கில் மிகுந்திருப்பதை அவர்கள் கண்டனர். விழுந்த வேகத்தில் எழுந்த தூளும் புகையும் வானை மூடின. வெயில் மறைந்தது, பயிர்ப்பச்சை வாடியது, கடலின் மேல்நீரில் மிதக்கும் நுண்தாவரம் மடிந்தது. இருள் தொடக்கிய பட்டினி, புல்லிலிருந்து புலிவரை என்பார்களே, அவ்வாறு அடிமுதல் முடிவரை பரவிற்று. உயிரினங்களில் நான்கில் மூன்று பங்கு அற்றன. விண்கல்லே தலைமைக் காரணம் என்பது அறிஞரிற் பெரும்பாலோர் கருத்து. தக்கணக் குழம்பின் பங்கு எவ்வளவு என்பது இன்றும் ஆராயப்படுகிறது.

இனி நம் வினாவுக்கு வருவோம். அம்மோனைட் மிகச் சிறிய முட்டைகளை ஏராளமாக இட்டது. அதன் குஞ்சுகள் மேல்நீரில் மிதந்து நுண்ணுயிர்களை உண்டு வளர்ந்தன. மேல்நீர் கெட்டபோது குஞ்சுகள் யாவும் ஒருங்கே மாய்ந்தன. நாட்டிலஸோ சில பெரிய முட்டைகளையே இட்டது; கருவோடு சேர்ந்த கட்டுச்சோறும் அம்முட்டையில் மிகுதி. குஞ்சுகள் ஆழ்நீரில் வாழ்ந்தன. கிடைத்த பிணத்தையும் உண்டன. குறைந்த இரையில் நெடுநாள் தாங்கின. அறிஞர் பலர் கூறும் விளக்கம் இதுவே. நிலத்திலும் இவ்வாறே வளையில் ஒடுங்கிய சிறு பாலூட்டிகளும், விதை கொத்திய சில பறவைகளும், ஆமையும் முதலையும் தவளையும் தப்பின.

இங்கே ஒன்றை நன்கு மனங்கொள்ள வேண்டும். அம்மோனைட் வலிமையற்றதாய் இருந்ததால் அழியவில்லை. 30 கோடி ஆண்டுகட்கு மேல் வென்று வாழ்ந்த குலத்தைத் திறமையற்றது என்று யார் கூற இயலும்? நாட்டிலஸ் மேம்பட்டது என்பதற்காகவும் எஞ்சவில்லை. நேற்றுவரை நன்மையாய் இருந்த வாழ்க்கைமுறையே, கேடு வந்த திசையில் வாயிலாய்த் திறந்துகொண்டது, அவ்வளவே. அழிவு என்பது தகுதிக்கு எழுதிய தீர்ப்பு அன்று.

இதனை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2001-ல் சுரங்கம் மூடியபோது நம் வீடுகளில் நாற்பதும் ஐம்பதும் வயதான ஆடவர் பலர், "வேறு வேலை தெரியாதவர்கள்" என்ற சொல்லைக் கேட்டுத் தலைகுனிந்தனர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றில், வெப்பத்திலும் பாறைவெடிப்பு அச்சத்திலும், மூன்று தலைமுறை பணிபுரிந்த குலம் அது. கல்லில் தங்கம் குறைந்தது. ஆழத்தின் செலவு மிகுந்தது. தொழிலாளியின் கை தளர்ந்ததால் ரீப் மூடவில்லை. தந்தையின் தொழில் போயிற்று என்பதனால் தந்தை தாழ்ந்தார் என்று எந்தப் பிள்ளையும் எண்ணலாகாது.

ஆயினும் மனிதர்க்கும் அவ்வுயிர்க்கும் ஒரு வேற்றுமை உண்டு. தன் குஞ்சை ஆழ்நீருக்கு அனுப்பிவைக்கும் அறிவு அம்மோனைட்டுக்கு இல்லை, நமக்கு உண்டு. விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் வண்டியில் ஏறும் கூட்டம் அதற்குச் சான்று. அவ்வண்டியையும் ஒரே ரீபாக ஆக்கிவிடாமல், ஒரு வீட்டில் ஒருவர் கைத்தொழிலும், ஒருவர் படிப்பும், ஒருவர் வாணிகமும் பயிலுமாறு செய்தல் விவேகம்.

இன்னொரு செய்தியும் உண்டு. அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் 1980-களில் மிகப் பெரிய டைனோசர் எலும்புகள் வெளிப்பட்டன. புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி என்னும் அறிஞர்கள் அதற்குப் பிருகத்காயோசாரஸ் எனப் பெயரிட்டனர்; பேருடல் படைத்தது என்பது பொருள். கால் எலும்பு ஒன்றே ஏறக்குறைய 2 மீட்டர். உலகில் நடந்த விலங்குகளிலெல்லாம் பெரியதாக இருக்கலாம் என்ற பேச்சும் எழுந்தது. ஆனால் மழைநீர் ஊறிய அவ்வெலும்புகள் நொறுங்கி மறைந்தன. எஞ்சியவை சில படங்களும் குறிப்புகளுமே; அதனால் வழக்கு இன்றளவும் தீர்ந்தபாடில்லை. ஆறரைக் கோடி ஆண்டுகள் மண் காத்த பொருள், மனிதர் கைக்கு வந்தபின் நிலைக்கவில்லை.

ஆதலின், பொங்கலுக்குத் தாயகம் செல்லும் அன்பர்கள், விழுப்புரம்–திருச்சி நேர்வழிப் பாதையிலுள்ள அரியலூரில் இறங்கிப் பிள்ளைகளுக்குச் சாத்தனூர்க் கல்மரத்தையும், வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தையும் காட்டுக. ஓடையில் சுருட்கல் கண்டால் உடைக்கவும் வேண்டா, விலைக்கு வாங்கவும் வேண்டா; கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு அருங்காட்சியகத்தாரிடம் தெரிவியுங்கள். அவ்வாறே நம் இல்லங்களின் பரண்மீது கிடக்கும் சுரங்க விளக்கையும், பெயர் எண் பொறித்த பித்தளை வில்லையையும், சம்பளச் சீட்டையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். யாருடையது, எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நலம்.